பயணப் பல்லாங்குழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பையில் அடங்குகிற ஒரு பல்லாங்குழியைச் செய்து முடிக்க எனக்கு மூன்று ஆண்டுகளும் ஐந்து பலகைகளும் ஆயின. முதல் நான்கும் தேறவில்லை. ஐந்தாவதை ரயிலில் எட்டிப் பார்த்தவர்களும், கல்யாண வீடுகளில் வாங்கிப் பார்த்தவர்களும் கேட்ட கேள்விகள் பெரும்பாலும் ஒன்று போலவே இருந்தன. அவற்றுக்கான பதில்கள் இவை. தச்சு எனக்குத் தொழில் இல்லை. ஆசாரி ஒருவரின் பொறுமையில்தான் பாதி வேலை நடந்தது.

வீட்டில் இருக்கும் பலகையையே எடுத்துப் போகக் கூடாதா?

எடுத்துப் போய்ப் பார்த்தேன். அம்மாவின் பலகை பலா மரத்தில் மீன் வடிவத்தில் கடைந்தது, சீர்வரிசையில் வந்தது. நீளம் இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு. சென்னையிலிருந்து காலையில் கிளம்பி நாகர்கோவில் வழியாகப் போகும் குருவாயூர் எக்ஸ்பிரஸில் அதை இரண்டு பேரின் முழங்கால்கள் மேல் வைத்து ஆடத் தொடங்கினோம். விழுப்புரம் தாண்டுவதற்குள் அம்மா தண்ணீர் பாட்டிலை எடுக்கக் காலை அசைத்தார். எழுபது சோழியும் பெட்டி முழுக்கச் சிதறின. எதிரில் இருந்தவர்கள், மேல் படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தவர், வடை விற்க வந்தவர் என எல்லாரும் சேர்ந்து பொறுக்கியும் அறுபத்து மூன்றுதான் கிடைத்தது. மீதி ஏழு எங்கே போயின என்று அம்மா இன்றும் கேட்பார்.

சேதம் ஏழு சோழிதான். ஆனால் அன்று பெட்டியில் இருந்த பாதிப் பேர் “எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது” என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆட ஆள் இருக்கிறது, பலகைதான் தோதாக இல்லை என்று எனக்குப் பட்டது அங்கேதான்.

ஆட்டமே தெரியாதே, சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஒரு பக்கம் ஏழு, எதிர்ப்பக்கம் ஏழு, மொத்தம் பதினான்கு குழிகள். பதினான்கு குழி என்பதுதான் மருவிப் பன்னாங்குழி, பல்லாங்குழி ஆயிற்று என்று சொல்வார்கள். குழிக்கு ஐந்து காய் என்றால் எழுபது, ஆறு என்றால் எண்பத்து நான்கு. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றில் உள்ளதை அள்ளி, வலப்புறமாகச் சுற்றிக் குழிக்கு ஒன்றாகப் போட்டு வருவீர்கள். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்தது வெறுங்குழி என்றால் அதை விரலால் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். ஆட்டம் எதிராளிக்குப் போகும். இரண்டு வெறுங்குழி சேர்ந்து வந்தால் ஒன்றும் கிடையாது. போகிற வழியில் ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது பசு. அந்தக் குழி யார் பக்கமோ அவருக்கு அது சொந்தம்.

இதிலேயே காசிப் பாண்டி, கட்டுப் பாண்டி, எதிர்ப் பாண்டி என்று வகைகள் உண்டு. ஊருக்கு ஊர், ஏன், ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு விதி மாறும். மேலே சொன்னது எங்கள் வீட்டு விதி. பலகை எந்த விதிக்கும் ஒன்றுதான் என்பதால், “எங்கள் பாட்டி அப்படி ஆடமாட்டார்” என்ற சண்டைக்கு இங்கே இடமில்லை.

பயணச் சதுரங்கத்தில் காந்தம் வைக்கிறார்களே, அதையே இதற்கும் வைத்தால் என்ன?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். எனக்கும் முதலில் தோன்றியது இதுவே. சதுரங்கத்தில் ஒவ்வொரு காய்க்கும் ஓர் இடம் உண்டு. ஒருமுறைக்கு ஒரு காய்தான் நகரும், மற்றவை நின்ற இடத்தில் நிற்க வேண்டும். அதனால் காந்தமோ, கீழே முளையோ வைத்துக் காயைப் பலகையோடு பிடித்துவைக்கலாம். பல்லாங்குழியில் காய்க்கு இடம் கிடையாது, குழிக்குத்தான் கணக்கு. ஒரே ஆட்டத்தில் பாதிப் பலகையைக் கை அள்ளிப் போட்டுவிடும். எழுபது காந்தக் காய்களை உள்ளங்கையில் அள்ளிப் பாருங்கள். ஒட்டிக்கொண்ட ஒரே கட்டியாகக் கிடைக்கும். ஒவ்வொன்றாக விடுவதற்குள் ரயில் திருச்சி போய்விடும்.

காயைப் பிடித்துவைக்கும் வேலையைக் குழிதான் செய்ய வேண்டும்.

அப்படியானால் குழியை எவ்வளவு சிறிதாக்கலாம்?

இந்த வேலை முழுவதும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. முதல் பலகையில் நான் காயின் அளவை வைத்துக் கணக்குப் போட்டேன். குழிக்குப் பத்து மஞ்சாடி விதை கொள்ளுமா, முப்பது மில்லிமீட்டர் அகலம் போதும், முடிந்தது. பார்க்க அழகாக இருந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம் போல. ஆடினால் ஒரு விரலை விட்டுக் காயை நோண்டி எடுக்க வேண்டியிருந்தது, மூக்குப்பொடி டப்பாவில் பொடி எடுப்பதைப் போல. பல்லாங்குழியின் வேகமே போய்விட்டது.

ஆடுபவர்களின் கையைக் கவனித்தால் விளங்கும். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து குழிக்குள் இறங்கி, ஒரே வழிப்பில் எல்லாக் காய்களையும் உள்ளங்கைக்கு ஏற்றும். எண்ணி எடுப்பதில்லை. அந்த மூன்று விரல் சேர்ந்து இறங்க நாற்பத்தைந்து மில்லிமீட்டராவது வேண்டும். அம்மாவின் விரலுக்கு நாற்பத்தாறு சரியாக இருந்தது. பருத்த விரல் உள்ள என் தம்பி ஐம்பது கேட்டான், கொடுக்கவில்லை.

ஆக, குழியில் குறைக்க ஒன்றுமில்லை. பழைய பலகையை அளந்து பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. அதில் குழிகளுக்கு நடுவே விரற்கடை அகலத்துக்கு மரம். இரு வரிசைக்கும் இடையில் இரண்டு விரற்கடை. இரு முனைகளிலும் மீனின் தலையும் வாலும். மரம் கனமாக இருந்தால் பலகை தரையில் நகராது, அதற்காக அப்படிச் செய்திருப்பார்கள். பயணத்துக்கு அந்த மரம் அத்தனையும் வீண். குழிகளுக்கு இடையே நான்கு மில்லிமீட்டர் சுவர் போதும். மீனுக்குத் தலையும் வாலும் போனதில் அம்மாவுக்கு வருத்தம்தான்.

ஆழம் பதினான்கு மில்லிமீட்டர். ஆட்டம் முற்றும்போது ஒரே குழியில் பதினைந்து, இருபது காய் சேர்வது சாதாரணம். இந்த அளவுக் குழியில் புளியங்கொட்டை தலைதட்டிப் பதினைந்து போல நிற்கும், குவித்தால் இருபது. அதற்கு மேல் ஆழமாக்கினால் விரல் நகம் அடியில் இடிக்கும்.

வட்ட ஓட்டை போட்ட பலகையின் அடியில் ஒரு தகடு ஒட்டினால் போதாதா? குழி எதற்குக் கிண்ணம் போல இருக்க வேண்டும்?

போதாது. இரண்டாவது பலகை அப்படித்தான் செய்தேன். செருப்புக்குப் பயன்படும் ஃபோம் ஷீட் வாங்கி, ஓட்டை வெட்டி, அடியில் இன்னொரு ஷீட்டை ஒட்டினேன். எடையே இல்லை, சத்தமும் இல்லை, செலவும் குறைவு. ஆனால் நேர்ச்சுவரும் தட்டை அடியும் சேரும் மூலையில் கடைசிக் காய் ஒன்று எப்போதும் ஒளிந்துகொள்ளும். வழித்துவிட்டோம் என்று நினைத்து ஆடிக்கொண்டிருப்போம். நான்கு குழி தள்ளிப் போன பிறகு எதிராளி, “அங்கே ஒன்று விட்டுவிட்டாயே” என்பார். விட்டதா, திருடியதா என்று வழக்கு ஆரம்பிக்கும்.

கிண்ணக் குழியில் மூலையே இல்லை. விரல் ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறும்போது காய்களும் கூடவே ஏறிவிடும். இன்னொரு லாபமும் உண்டு: வண்டி ஆடினால் காய்கள் தாமாக நடுவுக்கு வந்து சேரும், விளிம்புக்கு ஓடா. பழைய ஆசாரிகள் நகவுளியால் குடைந்ததால் கிண்ணமாக வந்தது என்று நினைத்திருந்தேன். ஆடியவர்கள் கேட்டு வாங்கிய வடிவம் அது என்றுதான் இப்போது தோன்றுகிறது.

குழியின் மேல் விளிம்பை உப்புத்தாள் போட்டு மழுக்க மறக்காதீர்கள். கூர் விளிம்போடு ஒரு மணி நேரம் ஆடினால் விரல்நுனி சிவந்துவிடும்.

பலகையை நடுவில் மடித்தால் பாதியாகுமே?

ஏழு ஒற்றைப்படை. குறுக்கே மடித்தால் மடிப்பு நேராக நான்காவது குழியின் மேல் விழும். ஆப்பிரிக்காவில் ஆடும் ஓவாரே போன்ற ஆட்டங்களில் வரிசைக்கு ஆறு குழி. மூன்று மூன்றாகப் பிரித்து நடுவில் கீல் வைத்துவிடுகிறார்கள், அழகாக மடிகிறது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காசிப் பாண்டி ஆடுபவர்களுக்கோ அந்த நடுக்குழிதான் காசி. அதைப் போய்ப் பிளப்பதா?

மூன்று துண்டாகவும் செய்து பார்த்தேன்: இரண்டு, மூன்று, இரண்டு. மடித்தால் சிறியதாகத்தான் இருந்தது, ஆனால் இரண்டு இடத்தில் கீல். ஆடும்போது பலகை நடுவில் தொய்ந்து தொட்டில் ஆயிற்று.

கடைசியில் நீளவாக்கில், இரண்டு வரிசைக்கும் நடுவில் மடித்தேன். பழைய மடக்குப் பலகைகளில் பித்தளைக் கீல் இருப்பதும் இங்கேதான். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் பார்க்கலாம். மூடினால் எதிரெதிர்க் குழிகள் வாயோடு வாய் வைத்து ஏழு அறைகளாகின்றன, காய்கள் உள்ளேயே கிடக்கும். நீளம் குறைவதில்லை, ஆனால் ஒல்லியாகிறது. மூடிய பலகையைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிப் போனால், “சங்கீதம் படிக்கிறீர்களா?” என்று கேட்கிறார்கள். பல்லாங்குழி புல்லாங்குழலாகிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. கீல் மேற்பரப்பில் வர வேண்டும். மூன்றாவது பலகையில் அழகுக்காகக் கீல் தெரியக் கூடாது என்று அடியில் வைத்துவிட்டேன். மடித்தபோது குழிகள் வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொண்டன. முதுகோடு முதுகு ஒட்டிய இரண்டு சகோதரர்கள் மாதிரி. ஆசாரி எதுவும் சொல்லவில்லை, வெற்றிலையை மென்றபடி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

இப்போதைய பலகையில் உலோகக் கீலே இல்லை. புத்தகம் கட்டுபவர்கள் முதுகில் ஒட்டும் காலிகோ துணியை நீளத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். சத்தம் இல்லை, துரு இல்லை, காய் போய்ச் சிக்கிக்கொள்ளும் இடுக்கும் இல்லை. பிய்ந்தால் வேறு ஒட்டிக்கொள்ளலாம்.

சரியான அளவுகளைக் கொடுங்கள்.

குழி அகலம் 46 மி.மீ., ஆழம் 14, சுவர் 4. ஏழு குழியும் எட்டுச் சுவரும் சேர்த்து நீளம் 354 மி.மீ. ஒரு வரிசையின் அகலம் 54, கனம் 18. அதாவது குழிக்கு அடியில் 4 மி.மீ. மரம் நிற்கும். விரித்தால் அகலம் 108, மூடினால் 54, உயரம் 36. தேக்கில் செய்தால் பலகை முந்நூற்று முப்பது கிராம் அளவில் வரும். குமிழ மரம் இன்னும் இலேசு, குடையவும் எளிது. நான் அதைத்தான் எடுத்தேன். மரம் குடையும் ரவுட்டர் இயந்திரம் உள்ள பட்டறையில் உருண்டை முனை போட்டுக் குடையச் சொன்னால் அரை நாள் வேலை. முதலில் ஒரு துண்டு மரத்தில் ஒரே ஒரு குழி குடைந்து, உங்கள் வீட்டில் யார் அதிகம் ஆடுவாரோ அவர் விரலை விட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பிறகு மற்றதைத் தொடங்குங்கள்.

காய்க்கு எது நல்லது? சோழியா, மஞ்சாடியா?

ரயிலுக்குப் புளியங்கொட்டை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தட்டையாக, மூலைகளோடு இருப்பதால் கீழே விழுந்தாலும் விழுந்த இடத்திலேயே கிடக்கும். விரலுக்குப் பிடி கிடைக்கும், மரத்தின் மேல் சத்தம் அடக்கமாக வரும், தொலைந்தால் அடுத்த குழம்பு வைக்கும்போது ஈடு செய்துகொள்ளலாம். எழுபதும் சேர்ந்து என் தராசில் ஐம்பது கிராம் சுற்றித்தான் நின்றது. கழுவி நான்கு நாள் நல்ல வெயிலில் காய வையுங்கள். இல்லாவிட்டால் வண்டு துளைத்துவிடும்.

மஞ்சாடியின் சிவப்பு கண்ணைப் பறிக்கும். ஒன்றுக்கொன்று எடை மாறாமல் இருப்பதால் பொற்கொல்லர்கள் எடைக்கல்லாக வைத்துக்கொண்ட விதை அது. நான்கு மஞ்சாடி ஏறத்தாழ ஒரு கிராம். வீட்டுத் தரையில் ஆட அதைவிட நல்ல காய் இல்லை. ஆனால் உருளும், வழுக்கும், துள்ளும். ஓடும் வண்டியில் ஒன்று தவறினால் அடுத்த பெட்டியில்தான் போய் நிற்கும்.

சோழி வீட்டில் நன்றாகத்தான் இருக்கும். கனம், சத்தம், இடம் மூன்றும் அதிகம். இந்தக் குழியில் எட்டுச் சோழிக்கு மேல் நிற்காது.

குன்றிமணியை மட்டும் எடுக்காதீர்கள். இலங்கையில் சிங்களவர்கள் புத்தாண்டுக் காலத்தில் ஆடும் ஒலிந்த கெலிய என்ற ஆட்டத்தின் பெயரே குன்றிமணியிலிருந்து வந்ததுதான். நம் வீடுகளிலும் பிள்ளையாருக்குக் கண் வைக்க ஒரு டப்பாவில் இருக்கும். அந்த விதைக்குள் அப்ரின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. ஓடு உடையாமல் இருக்கும்வரை தொட்டால் ஒன்றும் ஆகாது. மென்றுவிட்டாலோ, கோப்பதற்காகத் துளை போட்டிருந்தாலோ ஆபத்து. பயணத்தில் யார் வீட்டுக் குழந்தை கையை நீட்டும் என்று சொல்ல முடியாது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் எந்தக் காயுமே தொண்டையில் சிக்கும் அளவுதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

சட்டைப் பொத்தான்? பரவாயில்லை. அதைப் பற்றிக் கீழே வெளிநாட்டுக் கேள்வியில் சொல்கிறேன்.

நடு ஆட்டத்தில் இறங்க வேண்டிய ஊர் வந்துவிட்டால்?

மூடினால் எதிரெதிர்க் குழிகளின் காய்கள் கலந்துவிடும். மூன்று பலகைவரை இதற்கு வழி தெரியாமல், குழிக்குள் எத்தனை காய் என்று கைப்பேசியில் படம் எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். மறுபடி பரப்ப ஐந்து நிமிடம் ஆகும், அதற்குள் ஒருவர் ஆட்டம் மறந்திருப்பார்.

இப்போது ஒரு வரிசை அளவுக்கு, 354-க்கு 54, விறைப்பான அட்டை ஒன்று உள்ளே இருக்கிறது. காலண்டர் அட்டையை வெட்டி இருபுறமும் வெல்வெட் துணி ஒட்டியது. எதிர் வரிசை மேல் அட்டையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த வரிசையை அட்டையோடு சேர்த்துக் கவிழ்த்து மூடிவிட வேண்டும். இரண்டு வரிசைக் காய்களும் அட்டையின் இரு புறங்களிலும் தனித்தனியாக இருக்கும். ஒரு ரப்பர் வளையம் போட்டால் முடிந்தது. திறக்கும்போது அதே பக்கம் மேலே இருக்க வேண்டும், அட்டையைப் பிடித்தபடியே விரிக்க வேண்டும். அதற்காக வெளிப்புறத்தில் ஒரு மஞ்சள் புள்ளி வைத்திருக்கிறேன். திண்டுக்கல்லில் நிறுத்திய ஆட்டத்தை மறுநாள் சித்தி வீட்டுத் திண்ணையில் முடித்திருக்கிறோம்.

வெல்வெட் எதற்கு என்றால், காய்கள் உள்ளே அசைந்து கிலுகிலுவென்று சத்தம் போடாமல் இருப்பதற்கு. அது இல்லாமல் நடந்தால் சலங்கை கட்டியது போல இருக்கும்.

ஜெயித்த காய்களை எங்கே வைப்பது? குழிக்கு வெளியே இடம் இல்லையே.

மலேசியாவில் ஆடும் சொங்காக் பலகையில் இரண்டு முனையிலும் பெரிய வீட்டுக்குழி இருக்கும். நம் ஆட்டத்தில் ஜெயித்தது மடிக்குத்தான் போகும். ரயிலில் மடி நம்பத் தகுந்த இடம் இல்லை. சுடிதாரிலும் பேண்ட்டிலும் மடியே இல்லை. முனைகளில் குழி சேர்த்தால் நீளம் கூடிவிடும்.

விடையை என் பாட்டி இடுப்பில் செருகி வைத்திருந்தார். சுருக்குப்பை. ஆளுக்கு ஒன்று, வேறு வேறு நிறத்தில். காய்களைச் சுமந்து வருவதும் அவைதான், ஆடும்போது கஜானாவும் அவைதான். வாயைச் சுருக்கிவிட்டால் எதிராளிக்கு உங்களிடம் எத்தனை சேர்ந்திருக்கிறது என்று தெரியாது. இது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை, எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அடுத்த சுற்றில் தோற்றவரால் நிரப்ப முடியாத குழிகளை அடைத்துவைக்க வேண்டுமே. வீட்டில் ஈர்க்குச்சியைக் குறுக்கே போடுவோம். இங்கே துணி மூடிய பெரிய பொத்தான்கள் நான்கைச் சுருக்குப்பைக் கயிற்றில் கோத்திருக்கிறேன். எடுத்துக் குழிக்குள் போட்டால் போதும்.

ரயிலில் எங்கே உட்கார்ந்து ஆடலாம்? பஸ், கார்?

பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கை. இரண்டு இருக்கைகளின் சாய்வுகளையும் மடக்கிச் சமமாக்கிவிட்டு, இருவரும் எதிரெதிரே சம்மணமிட்டால் நடுவில் பலகைக்கு இடம் தாராளம். ஆர்.ஏ.சி. டிக்கெட்டில் முன்பின் தெரியாத இருவரை ஒரே படுக்கையில் உட்கார வைப்பதன் பயன் என்ன என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பலகைக்கு அடியில் பழைய சைக்கிள் டியூப் துண்டுகள் நான்கை ஒட்டிவிட்டால் வழுக்காது.

பஸ்ஸில் ஆட முடியாது. முயன்றிருக்கிறேன், வேண்டாம். காரில் பின் இருக்கையில் நடுவில் வைத்து ஆடலாம், நேரான சாலை என்றால். கொடைக்கானல், ஊட்டி ஏறும்போது குனிந்து காய் எண்ணினால் வாந்தி வரும்.

ஆசாரி கிடைக்கவில்லை. வீட்டிலேயே செய்ய வழி உண்டா?

உண்டு. காகிதக்கூழ். ஒரு காலத்தில் வீடுகளில் பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்து, பாத்திரத்தின் மேல் அப்பிக் கூடை செய்வார்களே, அதே கூழ்தான். 46 மி.மீ. வரும் ஒரு குழிக்கரண்டியைக் கவிழ்த்து, எண்ணெய் தடவி, அதன் மேல் கூழை அரை சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பிக் காயவையுங்கள். பதினான்கு கிண்ணம் சேர்ந்ததும், ஓட்டை வெட்டிய இரண்டு அட்டைகளில் ஏழேழாகப் பொருத்தி, இடுக்குகளைக் கூழால் நிரப்புங்கள். எடை மரத்தில் பாதிகூட வராது. நனைந்தால் போயிற்று என்பதால் எனாமல் பெயின்ட் இரண்டு கை பூச வேண்டும்.

முப்பரிமாண அச்சில் செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். நான்காவது பலகை அதுதான். அளவு அச்சு மாறாமல் வந்தது. பி.எல்.ஏ. என்ற சாதாரணப் பிளாஸ்டிக்கில் அடித்திருந்தேன். அது அறுபது டிகிரி வெப்பத்தில் இளகும். மே மாதம் மத்தியானம், கண்ணாடி ஏற்றிய காரின் முன்பக்கத்தில் வைத்துவிட்டு சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது வாழைப்பழம் போல வளைந்திருந்தது. வெயில் தாங்கும் வேறு பிளாஸ்டிக்குகள் உண்டு. பட்டறைக்காரரிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

பணியாரக்கல் இரண்டை வைத்து ஆடலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். ஏழு குழிக் கல்லில் ஆறு சுற்றியும் ஒன்று நடுவிலும் இருக்கும். நடுக்குழி சுற்றில் எப்போது வரும் என்று அவரிடமே கேட்டேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

வெளிநாட்டில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துப் போகலாமா?

பலகையைவிடக் காய்தான் தொல்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் விதை, மரச் சாமான், சிப்பி எல்லாவற்றையும் வருகைப் படிவத்தில் அறிவித்தாக வேண்டும். அறிவித்தால் பார்த்துவிட்டு விடவும் செய்வார்கள், எடுத்துக்கொள்ளவும் செய்வார்கள், மறைத்தால் அபராதம். சோழியும் இந்தக் கணக்கில் சிப்பிதான். புளியங்கொட்டையை நீட்டி “இது விளையாட்டுச் சாமான்” என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். தையற்கடையில் நான்கு துளைச் சட்டைப் பொத்தான் எழுபது வாங்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் என்பதால் கேள்வி வராது, உருளாது. தட்டை அடியுள்ள குழியில் படுத்துக்கொண்டு வர மறுக்கும். கிண்ணக் குழியில் சாய்ந்தே கிடப்பதால் விரலுக்கு வந்துவிடும். பலகைக்குக் காகிதக்கூழோ பிளாஸ்டிக்கோ போதும்.

கண் பார்வை மங்கியவர்கள் ஆட முடியுமா?

மிக நன்றாக ஆடுவார்கள். எங்கள் அத்தைக்குக் கண்புரை முற்றியிருந்த காலத்திலும், குழியைத் தொட்டே ஐந்தா ஆறா என்று சொல்லிவிடுவார். பார்த்து ஆடுபவர்களுக்குத்தான் நிறம் முக்கியம். கருமரத்தில் புளியங்கொட்டை போட்டால் மாலை வெளிச்சத்தில் எண்ண முடியாது. குழியின் உட்புறம் மட்டும் வெளிர் மஞ்சள் பூசியிருக்கிறேன். பசு சேர்ந்ததை ஒரு பார்வையில் கண்டுபிடிக்க இது உதவுகிறது. அம்மாவுக்கு உதவுவது எனக்கு நட்டம் என்பது வேறு விஷயம்.

தாயமும் ஆடுபுலி ஆட்டமும் இதே பலகையில் சேர்க்கலாமா?

பலகையில் வேண்டாம், அவற்றுக்குத் துணியே போதும். பலகையைச் சுற்றும் துணியின் ஒரு பக்கம் தாயக்கட்டம், மறுபக்கம் மூன்று புலிக்கும் பதினைந்து ஆட்டுக்குமான கோடுகள் என்று தைத்துவிடலாம். புளியங்கொட்டை ஆடு, பொத்தான் புலி. தாயக்கட்டையை மட்டும் ரயிலில் உருட்டாதீர்கள். பித்தளைக் கட்டை கீழே போய்விட்டால் சோழியைப் போலப் பொறுக்கிக்கொண்டிருக்க முடியாது. அதற்குப் பதில் ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டைகளைக் குலுக்கிப் போடலாம்.

விற்கிறீர்களா?

இல்லை. அளவுகள் மேலே இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் சொந்தமில்லாத ஆட்டம் இது.

பலகையே மறந்துபோய்க் கிளம்பிவிட்டால்?

மண் இருக்கும் எந்த இடத்திலும் குதிகாலை ஊன்றி ஒரு திருகு திருகினால் ஒரு குழி. பதினான்கு முறை திருக வேண்டும். பழைய கோயில் மண்டபங்களில் தளக்கல்லிலேயே குழி வெட்டிவைத்திருப்பதையும் பார்க்கலாம், காய் மட்டும் கொண்டுபோனால் போதும். போன தை மாதம் திருச்செந்தூர்க் கடற்கரையில் அம்மா அப்படித்தான் ஈர மணலில் குழி போட்டார். ஐந்து பலகை செய்த நான் பக்கத்தில் நின்று சிப்பி பொறுக்கிக் கொடுத்தேன். மூன்று பசு எடுத்த பிறகு, “இது நன்றாக மடங்குகிறதா என்று பார்” என்றார்.